இல்லாத பாட்டின் காப்பி

என் அண்ணன் எண்பதுகளில் இங்கே ரங்கூனில் ஒரு பாட்டுக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தார். அந்தக் குழுவை அப்போதே யாருக்கும் தெரியாது. இப்போது என் மகள் அந்த இசையைப் ‘போஸ்ட்-பங்க்’ என்கிறாள். எங்கள் வீட்டில் அதற்கு ‘இரைச்சல்’ என்றுதான் பெயர்.

பக்கத்து வீட்டுக்காரர் கப்பல் வேலைக்குப் போய்வரும்போது கொண்டுவந்த ஆங்கில கேசட்டுகளைத் தேயத் தேயக் கேட்டுப் பழகிய வாசிப்பு அது. பேஸ் முன்னால் போகும், கிட்டார் தகரத்தைப் பிறாண்டும், பாடுகிறவன் பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்டவன் மாதிரி முனகுவான். ஒரு மெட்டு மட்டும் அண்ணன் சொந்தமாகப் போட்டது. ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் என்ற ஊர்ப் பக்கம் தீமிதிக்குப் போய்க் கேட்ட உறுமியை அப்படியே பேஸில் இறக்கியிருந்தார்.

அந்தக் காலத்தில் இங்கே விற்றதெல்லாம் காப்பிப் பாட்டுதான். மெட்டு வெளிநாட்டுடையது, சொல் மட்டும் பர்மியம். சொந்த மெட்டு என்றால் கேசட் போடுகிறவர் முகத்தைச் சுளிப்பார். அதனால் நண்பர்கள் கூடிப் பேசி, இதுவும் ஓர் ஆங்கிலப் பாட்டின் காப்பி என்று புளுகினார்கள். அவரும் அட்டையில் அப்படியே அச்சடித்துவிட்டார். மகா புத்திசாலிகள்!

சென்ற ஆண்டு யாரோ அந்தப் பாட்டை இணையத்தில் ஏற்றினார்கள். அண்ணன் அப்போது நுரையீரல் நோயோடு படுக்கையில் இருந்தார். கேட்டதும் முகமே மாறிவிட்டது. அருமையான காப்பி, மூலப் பாட்டு யாருடையது என்று கீழே எல்லாரும் கேட்டிருந்ததை மகள் படித்துச் சொன்னாள்.

“என்னுதுன்னு எழுதும்மா,” என்றார். அதற்கு முன் அவர் எங்களிடம் எதையும் கேட்டதில்லை.

மகள் எழுதினாள். ஒருவரும் நம்பவில்லை. கேசட் அட்டையைப் படம் போட்டுக் கேலி செய்தார்கள். கூட வாசித்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சில வாரம் கழித்து ஒருவர் மூலப் பாட்டைக் கண்டுபிடித்துவிட்டதாக எழுதினார். ஏதோ ஒரு பழைய ஆங்கிலப் பாட்டு. துளிகூட ஒட்டவில்லை. ஆனாலும் ஆளாளுக்கு அவருக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். மறைத்துவிடலாம் என்று பார்த்தேன், அண்ணன் விடவில்லை. கண்ணை மூடி முழுதும் கேட்டார்.

“நல்லா வாசிச்சிருக்கானுங்க, தங்கச்சி,” என்றார். “உறுமிதான் இல்ல.”

அதன்பின் தன் பாட்டைப் போடச் சொல்லவே இல்லை. தை மாதம் போய்விட்டார். பாட்டு இன்னமும் அந்த ஆங்கிலேயர்கள் பெயரோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.