நாலாவது எலக்ட்ரான்

அழுகிய முட்டை நாற்றம். சித்தூரில் நான் பி.யூ.சி. படித்தபோது, ஆய்வுக்கூடத்தில் யாராவது ஹைட்ரஜன் சல்பைடு வாயு தயாரித்தால் அது எங்கள் வகுப்பு வரை வந்துவிடும், உடனே முன்பெஞ்சிலிருந்து ஒருவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "குளிச்சிட்டு வரக்கூடாதாடா?" என்பான். திருத்தணி ஆந்திராவுக்கா மதராசுக்கா என்று ஊரெல்லாம் கத்திக்கொண்டிருந்த காலம். வகுப்பிலும் தமிழ்ப் பையன்கள் ஒருபுறம், தெலுங்குப் பையன்கள் மறுபுறம். சேரியிலிருந்து வந்த என் பக்கத்தில் உட்காரக்கூடாது என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒரே கருத்து. கடைசி பெஞ்சு முழுக்க எனக்கே. படிப்பே வேண்டாம் என்று அப்பாவிடம், எங்கள் வீட்டு வழக்கில் "நைனா"விடம், சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

அன்று வேதியியல் வாத்தியார் ஆர்பிட்டல் நடத்தினார். எலக்ட்ரான் கோடு பிடித்துச் சுற்றுவதில்லை, அது இருக்கக்கூடிய இடம்தான் ஆர்பிட்டல் என்று சொல்லி, மூன்று கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் எலக்ட்ரானாக அம்பு போட்டார். அது நைட்ரஜன்.

"ஏன் தனித்தனியா உக்காருது?"

"தீட்டு சார்!" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது.

தெலுங்குக்காரரான அவர் சிரிக்கவில்லை. "லேதுப்பா, அப்படி இல்ல. எல்லாம் அச்சு அசல் ஒண்ணே. ஒண்ணா இருக்கறதாலதான் ஒண்ணை ஒண்ணு தள்ளுது. நாலாவது வந்தா? காலி இடம் லேது. தலைகீழா திரும்பிக்கினு பக்கத்துல உக்காந்துதான் ஆவணும். அது ஆக்சிஜன்."

ஒன்றுபோல் இருப்பதால் ஒதுங்குகின்றன! என் ஊரில் ஒரு பயலும் இப்படிச் சொன்னதில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தவன் மூக்கிலும் என் மூக்கிலும் ஏறி இறங்கும் காற்றுக்குள், கண்ணுக்கே தெரியாத இடத்தில், இப்படி ஒரு நியாயம் நடக்கிறது.

அடுத்த வாரம் புதிதாகப் பையன்கள் சேர்ந்து பெஞ்சுகள் நிரம்பிவிட்டன. கடைசியாக வந்தவன் நகரிப் பக்கத்து நிலக்காரர் மகன் முனிரத்தினம். வேறு வழியில்லாமல் என் பெஞ்சின் மறுகோடியில், எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாத்துக்குடா சிரிக்கிற?"

"நீதான்டா நாலாவது எலக்ட்ரான். தலைகீழா திரும்பிக்கினு கீற."

அடிக்க வருவான் என்று நினைத்தேன். புதியவர்களுக்காக வாத்தியார் ஆக்சிஜன் என்று எழுதி மறுபடி போட்டிருந்த கட்டங்களைப் போர்டில் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்ப நாம ஆக்சிஜனாடா?" என்று கேட்டுவிட்டு, நேராகத் திரும்பி உட்கார்ந்தான். படிப்பு வேண்டாம் என்று நைனாவிடம் நான் சொல்லவே இல்லை.

போன மாதம் அதே கல்லூரியில் பேத்தியைச் சேர்க்கப் போனேன். பெஞ்சுகளைக் காணோம். ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் ஒரு முழம் இடைவெளி.

"வசதியா இருக்குது தாத்தா" என்றாள்.

யாருக்கு என்று கேட்டேன்.