நாய் வண்டிக்குச் சாம்பிராணி காட்டியவர்

செய்தி வந்தபோது என் கையில் ஒரு கலியாணப் பிளவுஸ் இருந்தது. சனிக்கிழமை பின்னேரம், எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஆளை ஆள் இடித்துக்கொண்டு நடக்கும் நேரம். கழுத்து இறக்கம் கூடிப்போய்விட்டது என்று மணப்பெண்ணின் தாயார் என்னோடு சண்டைக்கு நின்றார். இறக்கம் கேட்டதே உங்கள் மகள்தான் என்று நான் வாயெடுத்தபோது தொலைபேசி அடித்தது. பக்கத்து வீட்டு ராஜேஸ் அக்கா, பரமேஸ் அண்ணையின் மனைவி. "சுகந்தி, அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டாரடி. சாப்பிட்டிட்டுக் கதிரையிலை சாஞ்சவர், தேத்தண்ணி கொண்டுபோய்க் கூப்பிடுறன், எழும்புறாரில்லை." மணப்பெண்ணின் தாயார் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிளவுஸைத் தானே மடித்து வைத்தார். கடையைப் பூட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடினேன்.

பரமேஸ் அண்ணையைத் தெரிந்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பிரெஞ்சு உணவகமொன்றில் நெடுங்காலம் சமையற்காரராக இருந்தவர். லீவு நாளில் லா சப்பலுக்கு வந்தால், ஒரு கையில் முருங்கைக்காய்க் கட்டும் மறு கையில் மீன் பையுமாக என் தையற்கடை ஸ்டூலில் வந்து குந்துவார். கோயில் அன்னதானத்துக்கு அவர் கரண்டி பிடிக்கிறார் என்றால் வரிசை வீதிவரை நிற்கும். எதற்கும் அவரிடம் ஒரு வசனம் இருந்தது: "அவசரப்படுத்தாதேங்கோ, அடிப்பிடிச்சிடும்." சோற்றுக்கும் சொல்வார், கலியாணப் பேச்சுக்கும் சொல்வார், விசா அலுவலுக்கும் சொல்வார். அவருடைய சமையலைப் பற்றி எழுத ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். லெ பிளாங்-மெனில் புறநகரில் ஒரே மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்தவள் என்ற உரிமையில் நான் எழுத வந்தது, அவர் திருத்திய ஒரு நாய் வண்டியைப் பற்றி.

வண்டி அவருடைய முதலாளி முசியே ரெனேயுடையது. பரமேஸ் அண்ணை இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு சொல் பிரெஞ்சும் தெரியாமல் அந்த உணவகத்தின் பின்கதவில் போய் நின்றபோது, முதலில் சாப்பாடு போட்டுவிட்டு, பிறகுதான் என்ன வேண்டும் என்று கேட்டவர் அவர். சாகும்வரை அண்ணை அவரை 'பத்ரோன்', அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிட்டார். பத்ரோனுக்குக் குளிர்காலத்தில் ஃபெசான் என்னும் காட்டுக்கோழி வேட்டையாடுவதில் பைத்தியம். காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப்போகிற ஒரு பெட்டி வண்டியில் நாயை ஏற்றிக்கொண்டு சொலோஞ் காட்டுப் பக்கம் போய்விடுவார். அவர் கொண்டுவரும் கோழியைச் சமைப்பது அண்ணையின் வேலை. பிறகு பத்ரோனுக்கு வயது போயிற்று, மனைவி போனார், முழங்கால் போயிற்று, உணவகமும் பூட்டியாயிற்று. முதியோர் இல்லத்துக்குப் போகும்போது அவர் இரண்டு சாமான்களை அண்ணையிடம் ஒப்படைத்தார். ஒன்று, பெல் என்ற நாய். மற்றது அந்த வண்டி. அதைக் குப்பைக்குப் போட்டுவிடு என்றுதான் கொடுத்தார்.

அண்ணை போடவில்லை. போட முடியாதபடி பெல் அதற்குக் கீழேயே போய்ப் படுத்துக்கொண்டாள். வெள்ளையும் செம்மஞ்சளும் கலந்த நாய், வாலில் அரைவாசிதான் உண்டு. ராஜேஸ் அக்கா ஆசாரம் பார்க்கிற மனுசி. நாய் முற்றத்தில் இருக்கலாம், குசினிப் படி தாண்டக் கூடாது, காரில் ஏறவே கூடாது. "கோயிலுக்குப் போற காருக்குள்ளை நாயோ? நல்லாயிருக்கு!" என்பார். ஆனால் அண்ணை சோறு போட மறந்த நாளில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் மீன் தலையை அவித்துப் போட்டதை நான் மதிலுக்கு மேலால் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு கிழமையும் அண்ணை சூப் காய்ச்சிக்கொண்டு பத்ரோனைப் பார்க்கப் போவார். பெல்லைக் கூட்டிக்கொண்டு வரவா என்று கேட்டால் பத்ரோன் வேண்டாம் என்று விடுவார். ஒருநாள் காரணத்தையும் சொல்லிவிட்டார். அன்று அண்ணை நேரே என் கடைக்கு வந்து ஸ்டூலில் இருந்தார். கையில் முருங்கைக்காய் இல்லை. "அவள் என்னை மறந்திருப்பாள் எண்டு சொல்லுறார், சுகந்தி. மறந்ததைத் தன்ரை கண்ணாலை பாக்கேலாதாம். மனுசன் சாகப் பயப்பிடேல்லை, உதுக்குத்தான் பயப்பிடுது." கொஞ்ச நேரம் என் மெஷின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரி வாசத்துக்கை கொண்டுபோய்க் காட்டினால் ஆரைத்தான் தெரியும்? வயலிலை விட்டுப் பாப்பம். வேட்டைப் பருவம் முடியமுதல் ரெண்டு பேரையும் கொண்டுபோறன்." வேட்டைக்கே போகாத மனிதர், துவக்கைக் கையால் தொடாத மனிதர் அப்படிச் சொன்னார். பத்ரோனின் பழைய கூட்டாளி முசியே ஜெரார் தன் காணிக்கு வரச் சொன்னார். மருத்துவர் ஒரு நாளைக்கு விட்டார். அண்ணையின் சின்னக் காரில் பத்ரோன் முன்னுக்கு, அவருடைய தள்ளுநாற்காலி டிக்கிக்குள், இரண்டு கிழடுகளையும் தனிய விடேலாது என்று ராஜேஸ் அக்கா பின்னுக்கு, அக்காவுக்குத் துணையாக நான். நாய்க்கு வண்டிதான்.

அந்த வண்டியை அவர் திருத்திய விதத்தை மறக்க முடியாது. பலகைத் தளம் உக்கிக் கொட்டியிருந்தது. உணவகம் பூட்டும்போது எடுத்து வைத்திருந்த பெரிய வெள்ளை வெட்டுப்பலகைகளை அளவாக அறுத்து அடியில் பூட்டினார். "கழுவலாம், ஊறாது" என்றார். காற்று வாங்குகிற துவாரத்துக்கு அடுப்புக்குள் இருந்த கம்பித் தட்டு. கரள் பிடித்த சட்டத்தைச் சட்டி மினுக்குகிற மாதிரியே உரஞ்சினார். சில்லு, விளக்கு மட்டும் கராஜில் புதிதாகப் போட்டார். மெத்தை தைப்பது என் பங்கு. சும்மா துணியில் தைத்துக்கொண்டு போக, ஓரத்துக்குப் பட்டுக்கரை வைக்கச் சொன்னார். "நாய்க்குப் பட்டோ அண்ணை?" என்று கேட்டேன். "ஊர்ச்சனத்தின்ரை பிளவுஸ் எல்லாத்துக்கும் வைக்கிறாய். உவள் அதைவிட முக்கியமான இடத்துக்குப் போறாள்" என்றார். மிச்சம் கிடந்த அரக்குக் கரையை வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

புறப்பட்ட காலையில் வண்டிக்குச் சந்தனப் பொட்டு, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பாதி வழியில் பெற்றோல் அடிக்க நிறுத்தி, பெல்லை இறக்கிவிட்டோம். இறங்கியவள் தும்மினாள், தும்மினாள், தும்மிக்கொண்டே நின்றாள். பத்ரோன் கார்க் கண்ணாடியை இறக்கி மூக்கை நீட்டினார். "பரமேஸ், என் நாய் ஏன் தேவாலயம் மாதிரி மணக்கிறது?" என்று பிரெஞ்சில் கேட்டார். அண்ணையின் முகத்தில் ஈயாடவில்லை. புது வண்டி என்றால் சாம்பிராணி காட்ட வேண்டும், ஈரவாடையும் போகும் என்று, முதல்நாள் முழுக்க வண்டிக்குள் தணல்சட்டியை வைத்துக் கதவைச் சாத்திப் புகை ஊட்டியிருக்கிறார். மூக்கை நம்பி வேலை செய்கிற நாயை அந்தப் புகைக்குள் அடைத்துக் கொண்டுவந்திருக்கிறோம்! ராஜேஸ் அக்கா என் கையைக் கிள்ளினார், நான் சிரித்துவிடாமல் இருக்க.

வயலில் சிரிப்பு நின்றுவிட்டது. நல்ல வேட்டை நாய் பறவையை மணந்து கண்டுபிடித்து, அசையாமல் நின்று காட்டும். அதன்பின் துவக்குக்காரர் வருவார். பெல் ஒன்றையும் மணக்கவில்லை. காலடியிலிருந்து ஒரு கோழி சடசடவென்று எழும்ப, அவளே பயந்து விலகினாள். ஜெரார் தலையை ஆட்டினார். நாற்காலியில் போர்வையோடு இருந்த பத்ரோன், "விடு பரமேஸ், அவளுக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது" என்று சொல்லித் தொப்பியை இழுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டார். அண்ணை என்னிடம் வந்து, "என்ரை கையாலை கெடுத்துப்போட்டன், பிள்ளை" என்றார். பிறகு, "அவசரப்படுத்தாதேங்கோ, அடிப்பிடிச்சிடும்" என்று பிரெஞ்சிலேயே ஜெராருக்குச் சொல்லிவிட்டு, பெல்லைக் கூட்டிக்கொண்டு வாய்க்காலடிக்குப் போனார். அவள் மூக்கைத் தண்ணீரால் கழுவினார். நனைந்த சருகில் புரள விட்டார். எதிர்காற்றில் மேலும் கீழுமாக அவளோடு நடந்தார். நாங்கள் ரொட்டியும் சம்பலும் பிரித்தோம். ஜெரார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, உறைப்புத் தாங்காமல் அந்தக் குளிரில் கோட்டைக் கழற்றினார்.

பின்னேரம், திரும்பலாம் என்று நாற்காலியைத் தள்ளத் தொடங்கியபோது பெல்லின் கழுத்து மணி நின்றது. மணி நின்றால் நாய் நிற்கிறது என்று அர்த்தம். பத்ரோன் கையை உயர்த்தி எங்களை அடக்கினார். வேலியோரம், ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி, அரைவால் கூட அசையாமல் பெல் நின்றாள். ஜெரார் மெல்லக் கிட்டப் போனார். கோழி எழும்பியது. வெடிச்சத்தம் கேட்டது.

அடுத்த கணம் நாங்கள் மூன்று பேரும் நிலத்தில். ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. ராஜேஸ் அக்கா ரொட்டிப் பார்சலை அணைத்தபடி குப்புறக் கிடந்தார். இந்த நாட்டுக்கு வந்து எத்தனை காலம், பிள்ளைகள் எங்களோடு பிரெஞ்சில் வாய்காட்டுகிறார்கள், ஆனால் ஊரில் ஷெல்லுக்கு விழுந்து படுத்த உடம்புக்கு மட்டும் அது இன்னும் விளங்கவில்லை. தலையை நிமிர்த்தியபோது பெல் கோழியைக் கவ்விக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். பாதையில் அண்ணை கிடந்தார். அவர் முகத்துக்கு முன்னால் வந்து நின்றாள். ஒரு வருடமாகச் சோறு போட்ட மனிதர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர் ஒரு சொல் சொல்லவில்லை, கையைக்கூட அசைக்கவில்லை. பெல் அவரைச் சுற்றிக்கொண்டு போய், கோழியைப் பத்ரோனின் மடியில் வைத்தாள்.

பத்ரோன் அவளுடைய தலையில் தன் தலையை வைத்துக்கொண்டு விம்மி அழுதார். வெகுநேரம் கழித்துத்தான் எங்களைக் கவனித்து, நிலத்தில் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். "ஒன்றுமில்லை பத்ரோன், பழக்கம்" என்றார் அண்ணை, முழங்காலில் சேற்றைத் தட்டிக்கொண்டு. பத்ரோன் தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கோடைக்கு முன்னே அவர் கண்ணை மூடிவிட்டார். அதுவரை ஒவ்வொரு கிழமையும் பெல் அந்த வண்டியில் அவரிடம் போய் வந்தாள்.

இன்னொன்றையும் இப்போது சொல்லிவிடலாம். பிறகு வந்த தேர்த்திருவிழாவில் லா சப்பல் வீதியில் நீங்கள் உடைத்த தேங்காய்களில் ஒரு பங்கு அந்த வண்டியில்தான் வந்தது. அண்ணை அதைக் கொதிதண்ணீர் விட்டுக் கழுவியதற்கு நான் சாட்சி. ராஜேஸ் அக்கா மட்டும் அன்று தேங்காய் உடைக்கவில்லை.

அந்த வயல் நாளைப் பற்றி அண்ணை ஒரே ஒரு தடவைதான் என்னிடம் கதைத்தார். "இஞ்சை வா எண்டு வாய்வரைக்கும் வந்தது, சுகந்தி. கூப்பிட்டிருந்தால் என்னட்டைத்தான் வந்திருப்பாள். பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "அவள் சுத்திக்கொண்டு போகேக்கை வயிறு எரிஞ்சதடி. பொய் சொல்லக்கூடாது."

கடையைப் பூட்டிக்கொண்டு ஓடிய அந்தச் சனிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறையச் சனம். ராஜேஸ் அக்காவைக் காணவில்லை. எல்லோரும் தேடுகிறார்கள். முற்றத்துக்குப் போனேன். பெல் வண்டிக்குள் மூலையோடு மூலையாகச் சுருண்டு கிடந்தாள். வாசலில் ஒரு தட்டில் மீன் தலையும் சோறும் தொடாமல் இருந்தது. பக்கத்தில், அந்த வண்டியின் விளிம்பிலே, காலை மடக்கிக்கொண்டு ராஜேஸ் அக்கா இருந்தார். நான் குனிந்து "பெல், வா" என்றேன். அக்கா என் வாயைப் பொத்தினார்.

"கூப்பிடாதை. அவர் அண்டைக்குக் கூப்பிடேல்லைத்தானே. நானும் நிலத்திலைதான் கிடந்தன், பாத்தனான்."

உள்ளே தேவாரம் தொடங்கியது. அது முடியும் தறுவாயில் பெல் எழும்பி, சோற்றைத் தாண்டி வந்து, அக்காவின் வெள்ளைச் சேலை மடியில் தலையை வைத்தாள். காருக்குள் ஏறவிடாத மனுசி அந்தத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்து, வாய்விட்டு அழுதார்.

கிழிந்துபோன அந்த மெத்தை உறைக்குப் பதிலாகப் புதிது தைத்துக் கொடுத்திருக்கிறேன், பட்டுக்கரையோடு. பழையது என் தையல் மெஷின் லாச்சியில் இருக்கிறது. அதில் பாதி நாய் மணம், பாதி சாம்பிராணி. யாராவது என்னைவிட்டு வேறு பக்கம் போகும்போது, வாய்வரை வரும் சொல்லை விழுங்கிக்கொண்டு நிலத்தில் கிடந்த ஒரு மனிதரை நினைத்து, லாச்சியைத் திறந்து பார்ப்பேன். துவைக்க மனம் வரவில்லை.