ஊளையிடாத கிட்டார்

எங்கள் வீட்டில் எலெக்ட்ரிக் கிட்டாரைப் பற்றிப் பேச எனக்கு மட்டும்தான் உரிமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பகலில் சிங்காநல்லூரில் செல்போன் கடை, முகூர்த்த நாட்களில் கல்யாணக் கச்சேரி என்று ஓடிக்கொண்டிருந்த சமயம் அது.

என்னுடையது உள்ளே வெற்றாக இருக்கும் மரப்பெட்டிக் கிட்டார். மேடைச் சத்தத்தில் எடுபடவில்லை என்று, தந்தியின் அதிர்வை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். அன்னூர் கல்யாணம் ஒன்றில் சத்தத்தைக் கூட்டியதும் அது ஊளையிட்டது. மணப்பெண்ணே காதைப் பொத்திக்கொண்டாள்.

ஏன் என்று தேடிப் படித்தேன். ஆரம்பத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் செய்த அமெரிக்கர்களுக்கும் இதே தலைவலிதான். ஸ்பீக்கர் சத்தத்தில் பெட்டி அதிரும், கூடவே தந்தியும் அதிரும், பிக்கப் அதையே திரும்ப ஸ்பீக்கருக்கு அனுப்பும். அதுதான் ஊளை. அதனால் பெட்டியை விட்டுவிட்டு, கெட்டிப் பலகையில் தந்தி கட்டிப் பார்த்திருக்கிறார்கள். இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னேன். பம்ப் கம்பெனியில் டிசைன் வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி கேட்டுக்கொண்டே சாப்பிட்டான்.

சில மாதம் கழித்து அவன் ஒரு கிட்டாரோடு வந்தான். முழுக்கப் பலாப் பலகை. பிக்கப்புக்கான கம்பிச் சுருளையும் அவனே சுற்றியிருந்தான்.

“நீங்க சொன்னதத்தானுங்க மச்சான் செஞ்சு பாத்தேன்” என்றான்.

அந்தப் பணிவுதான் எனக்குத் தாங்கவில்லை. குறை தேடினேன்.

“கனமா இருக்குதே மாப்ள. தோளு போயிரும்.”

“ஏனுங்க, எந்தம்பி கைவேலைய மொதல்ல பாருங்க” என்றாள் மனைவி. என் வாசிப்பைப் பற்றி அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

ஸ்பீக்கரை ஒட்டி நின்று சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். ஊளையிட வேண்டும் என்று மனதார விரும்பினேன். அது ஊளையிடவில்லை. மீட்டிய சுரம் நெடுநேரம் நின்று அடங்கியது.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கல்யாணக் கச்சேரிக்கு அதையே கேட்டு வாங்கிப் போனேன். அவனும் வந்தான். அன்று நன்றாக வாசித்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன். மேடையை விட்டு இறங்கியதும் ஒருவர் வேகமாக என்னிடம் வந்தார்.

“ஏனுங்க, இந்தக் கிட்டாரு ஆரு செஞ்சதுங்க?”

பந்தியில் இருந்த மச்சினனைக் காட்டினேன். அவனிடம் தனக்கும் ஒன்று செய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது அவன் கேட்டான்: “வாசிக்கிறவங்க கைக்குத் தோதா கழுத்துச் செய்ய எனக்குத் தெரியலைங்க மச்சான். ஞாயித்துக்கெழம வாரீங்களா?”

எனக்கு மனசில்லை. ஆனாலும் போனேன். இடது கை பிடிக்கும் அந்த நீளமான கழுத்தை நான்தான் இழைத்தேன், என் விரல்களை வைத்துப் பார்த்துப் பார்த்து. கிட்டாரை வாங்கிக்கொள்ள வந்தவர் வாசித்துப் பார்த்துவிட்டு, “சவுண்டு பிரமாதமுங்க” என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.