எம்.எல்.ஏ. மனைவியும் ஒன்பதாம் வகுப்பும்

எம்.எல்.ஏ. ஆக வேண்டுமென்றால் மனு தாக்கல் செய்ய வேண்டும், தெருத் தெருவாகக் கும்பிட வேண்டும், ஓட்டு எண்ணி முடிக்கும்வரை வாசலில் நிற்க வேண்டும். எம்.எல்.ஏ.வின் மனைவி ஆவதற்கு இதில் ஒன்றுமே வேண்டாம், என்றைக்கோ கழுத்தில் ஏறிய பழைய தாலியே போதும்.

டாக்டர் வீட்டிலும் தாசில்தார் வீட்டிலும் வாழ்க்கைப்பட்டு, வீட்டுக்காரரின் உத்தியோகத்தில் பாதியைச் சம்பளமில்லாமல் பார்க்கும் சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் வேலூரில் கான்வென்ட்டில் படித்தவள். அங்கே தையலும் இங்கிலீஷ் இலக்கணமும் சொல்லிக் கொடுத்தார்கள். பல் விளக்க வெளியே வந்தால் கூடத்தில் இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களை என்ன செய்வது என்று மட்டும் எந்த சிஸ்டரும் சொல்லித் தரவில்லை.

குடையைப் பார்

எழுபத்தேழில் என் வீட்டுக்காரர் சுயேச்சையாக நின்றார். திருவண்ணாமலை டவுனில் வீடு, கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளையும் நிலம், வாயைத் திறந்தால் நாலு பேர் கேட்பார்கள். அதை நம்பித்தான் நின்றார். சின்னம் குடை. அக்கம்பக்கத்துப் பெண்கள் யாரும் ஓட்டு கேட்க வரமாட்டோம் என்றதால், நான் போனேன். கொளுத்துகிற வெயிலில் நிஜமாகவே ஒரு கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு கிராமம் கிராமமாக.

பாதிப் பெண்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. பழைய காலண்டரின் பின்பக்கத்தில் ஓட்டுச் சீட்டு மாதிரியே கட்டம் போட்டு, ஒரு கட்டத்தில் குடையை வரைந்து, முத்திரையை எங்கே குத்துவது என்று பாடம் நடத்தினேன். “பேரைப் பார்க்காதீங்க, குடையை மட்டும் பாருங்க” என்று தொண்டை கட்டும்வரை சொன்னேன். ஒருத்தி என் கையிலிருந்த காலண்டரை வாங்கிக் குடையின்மேல் விரலை வைத்து அழுத்திச் சொன்னாள்: “கவலைப்படாதீங்கம்மா, செத்தாலும் இதுலதான் குத்துவோம்.”

காபி

ஜெயித்துவிட்டார். மறுநாளிலிருந்து என் அடுக்களை தோற்றது.

காலை ஆறு மணிக்கே ஆட்கள். மாற்றல் வேண்டும், மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும், தீபத்தன்று கோயிலுக்குள் நிற்க இடம் வேண்டும். அவர் குளித்துவிட்டு வரும்வரை எல்லோருக்கும் நான்தான் எம்.எல்.ஏ. கேட்டுக்கொண்டே காபி ஆற்ற வேண்டும். ஒரு டபரா பாலில் எட்டுப் பேருக்குக் காபி போடும் வித்தையை அந்த வருஷம்தான் கற்றேன். மூன்றாம் மாதம், வாரம் தவறாமல் வருகிற ஒரு பெரியவர் ஒரு வாய் குடித்தார், டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார், பக்கத்திலிருந்தவரிடம் எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: “ஓட்டு கேக்கறப்போ பால் ஜாஸ்தியா இருந்துச்சுப்பா.”

இங்கிலீஷ் மனு

பச்சையம்மா வந்தது என் வீட்டுக்காரர் பதவியின் கடைசிப் பகுதியில். கடைசி என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உள்ளே தள்ளி ஒரு கிராமம். காபி வேண்டாம் என்றாள். அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துவிட்டது. கூடவே மகள் செல்வி, எட்டாம் வகுப்பு. அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டோடு சரி. ஒன்பதுக்குப் போக வேண்டுமானால் ஆறு மைல். பஸ் காலையில் ஒன்று வரும், திரும்ப வருவது டிரைவர் மனசைப் பொறுத்தது. ஆகவே அந்த ஊரில் எட்டு முடித்த பெண்கள் எல்லாம் நேராகக் கொல்லையில் களை எடுக்கப் போய்விடுவார்கள்.

“இதுக்கு மாமன் காத்துக்கினு இருக்கான். ஜூன் மாசம் ஒம்பதாவது வந்துட்டா, படிக்குதுன்னு சொல்லி கல்யாணத்தை நிறுத்திடுவேன். வரலைன்னா என் பேச்சு எடுபடாதும்மா” என்றாள். செல்வி என் மேஜைமேல் இருந்த இங்கிலீஷ் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

உட்கார்ந்து எழுதினேன். உயர்நிலைப் பள்ளியாக்க வேண்டும் என்று, கான்வென்ட் இங்கிலீஷில், மூன்று பக்கம். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார், அலைந்தார். கட்டடத்துக்கு இடம் கேட்டார்கள். ஊரே கூடி ஒரு துண்டு நிலம் எழுதிக் கொடுத்தது. ஃபைல் மெட்ராஸ் போய்ச் சேர்ந்தது, இனி மேலே ஒரு கையெழுத்துதான் பாக்கி என்று அவர் சொன்னபோது பச்சையம்மா என்னைத்தான் கேட்டாள்: “ஏம்மா, இங்கிலீசுல எழுதுனா அவங்களுக்குப் பயமா இருக்குமா?”

தராசு

அந்தக் கையெழுத்து விழுவதற்குள் சட்டசபையையே கலைத்துவிட்டார்கள். ஐந்து வருஷம் என்று சொல்லிக் கொடுத்த பதவி பாதியிலேயே போயிற்று. ஃபைல் எந்த அலமாரியிலோ தூங்கியது.

மறுபடி தேர்தல். மறுபடி சுயேச்சை. இந்தத் தடவை இன்னொரு சுயேச்சையும் குடைதான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். சீட்டுக் குலுக்கினார்கள், குடை அவருக்குப் போனது, எங்களுக்குத் தராசு. அந்த மனிதர் ஒரு லாட்ஜ் வைத்திருந்தார். ஒரு ஊருக்கும் போகவில்லை, ஒரு கும்பிடு போடவில்லை. நாங்கள் தராசு தராசு என்று கத்திக்கொண்டு சுற்றினோம். போக முடியாத ஊர்ச் சுவர்களில் எல்லாம் தராசு என்று எழுத ஆள் அனுப்பினோம்.

எண்ணி முடித்தார்கள். பெரிய கட்சிக்காரர் கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்தார். லாட்ஜ்காரர் தனக்கு விழுந்த ஓட்டுகளைப் பார்த்துத் தானே திகைத்து நின்றாராம். வீட்டில் அடுப்பு பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பச்சையம்மா வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. முடிவு இன்னும் அவள் காதுக்கு எட்டவில்லை. “தராசுன்னு இன்னாவோ எழுதி இருந்தாங்க, யாரோ கடைக்காரர்னு விட்டுட்டோம். எங்க தெரு பொம்பளைங்க அத்தனை பேரும் நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே பேரைப் பாக்காம குடையிலதாம்மா குத்துனோம்!”

ஜெயித்தவர் வீட்டு அடுக்களை

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பாடத்தை நடத்திய டீச்சர் நான்தானே. விஷயத்தைச் சொன்னதும் அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடம் திறக்கக் கொஞ்ச நாள்தான் இருந்தது.

மனுவின் நகலை எடுத்துக்கொண்டு, ஜெயித்தவர் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் குதித்தார்: “தோத்தவன் பொண்டாட்டி ஜெயிச்சவன் வாசல்ல போய் நிக்கறதா?” நான் நிற்க மாட்டேன், நாற்காலி கேட்டு உட்காருவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வாசலில் கூட்டம். அதே முகங்கள்! பால் ஜாஸ்தி பெரியவர்கூட அங்கே வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். உள்ளே அந்த வீட்டுப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள், தலைகூட வாராமல் அடுப்புக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். நான் யாரென்று தெரிந்ததும் கண் கலங்கி, “அக்கா, வர்றவங்க எல்லாருக்கும் காபி குடுத்தே ஆகணுமா?” என்றாள். மோர் கொடு என்றேன்; பானையில் கரைத்து வைத்துவிட்டால் ஊற்றுவது மட்டும்தான் வேலை. இந்த ஞானம் எனக்குப் பதவி போன பிறகுதான் வந்தது.

அப்புறம் அடுக்களையிலேயே உட்கார்ந்து செல்வியின் கதையைச் சொன்னேன். தானும் எட்டோடு நிறுத்தப்பட்டவள் என்றாள். மனுவை வாங்கி முந்தானையில் ஈரக் கையைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். “இங்கிலீசு எனக்குப் படிக்க வராதுக்கா. அவர் மெட்ராஸ் போறப்போ பெட்டியில வேட்டிக்கு மேல இதை வெச்சுடறேன். இதைக் கையில எடுக்காம அவரால வேட்டி கட்டிக்க முடியாது.”

கல்வெட்டு

கையெழுத்து விழுந்தது. ஜூனுக்கு இல்லை, ஆகஸ்ட்டுக்கு. அதுவரை மாமனைச் சமாளித்தது பச்சையம்மாவின் சாமர்த்தியம்.

திறப்பு விழாவுக்கு அவள் வந்து எங்களை இழுத்துப் போனாள். கல்வெட்டில் புது எம்.எல்.ஏ. பெயர், என் வீட்டுக்காரர் பெயர் எங்கேயும் இல்லை. மேடையில் புது எம்.எல்.ஏ., இந்தப் பள்ளிக்காக இரவு பகல் தூங்கவில்லை என்றார். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி என்னைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதனால் சும்மா இருந்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் எல்லாருக்கும் முன்னால் எழுந்து கை தட்டினார். அந்த மனுஷனை அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகப் பிடித்தது.

கூரை போட்ட அறையில் ஒன்பதாம் வகுப்பு. பதினோரு பெண்கள், முன் வரிசையில் செல்வி. வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டபோது தெருவுக்கே கேட்கும்படி “உள்ளேன் ஐயா” என்றாள். வெளியே ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்ற பச்சையம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்: “பத்தாவது தாண்டுனா ப்ளஸ் டூன்னு ஒண்ணு வந்திருக்குதாமே, அதுக்கு யாரைப் பாக்கணும்மா, உங்களையா, புது எம்.எல்.ஏ.வையா?”

தேர்தலில் என் வீட்டுக்காரர் ஒரு தடவை ஜெயித்தார், ஒரு தடவை தோற்றார். எந்தச் சின்னமும் இல்லாமல் நான் பார்க்கும் இந்த மனு எழுதும் உத்தியோகத்திலிருந்து என்னை இறக்கத்தான் தொகுதியில் யாருக்கும் மனசு வரவில்லை.