பாதி வேகத்தில் ஒரு பீட்

எனக்கும் என் பழைய கூட்டாளி பாய்க்கும் ஒரே வயது. ஐம்பதைத் தாண்டிவிட்டோம். இருவருக்கும் சர்க்கரை, இருவருக்கும் மூக்குக்கண்ணாடி, இருவருக்கும் முன்மண்டையில் வெளிச்சம். இருந்தும் ராப் பாட வரும் பிள்ளைகள் அவனை ‘ப்ரோ’ என்கிறார்கள், என்னை ‘அங்கிள்’ என்கிறார்கள். இதை நினைத்துச் சாப்பிடாமல் எழுந்த நாள்கூட உண்டு. சிரிக்க வேண்டாம், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ராப் பாடுகிறவர்களின் வார்த்தைகளுக்கு அடியில் ஓடுகிற இசைக்கு பீட் என்று பேர். அதைச் செய்து கொடுப்பதுதான் எங்கள் தொழில். ராப் என்று சொன்னால் அது எந்த ஊர்ப் பலகாரம் என்று கேட்ட காலத்திலேயே, தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், ஒற்றைக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஆரம்பித்தோம். அவன் வீட்டில் அண்ணன் தம்பி எல்லோரும் துபாய், சவூதி என்று போய்விட்டார்கள். இவன் ஒருவன்தான் இந்தச் சத்தங்களைக் கட்டிக்கொண்டு இங்கேயே கிடந்தான். அப்போதெல்லாம் பீட் போடுவதில் நான்தான் கில்லாடி. நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, அவனே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறான்.

இப்போது நான் நகைக்கடை விளம்பரத்துக்கும் தேர்தல் ஆட்டோவுக்கும் டியூன் போடுகிறேன். அவனோ மாதாமாதம் புதிதாக எதையாவது இறக்குகிறான். ஒவ்வொன்றையும் முதல் ஆளாகக் கேட்பது நான்தான். நன்றாக இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே கேட்பேன். பாழாய்ப்போனது, நன்றாகத்தான் இருக்கும்.

போன வருஷம் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படிக்கிற ஒரு பெண் தன் முதல் ஆல்பத்துக்கு பீட் தேடிக்கொண்டிருந்தாள். மாட்டுக்கு ஊசி போடுவதைப் பற்றிப் பாடினாலும் உட்கார்ந்து கேட்க வைக்கிற குரல். அவளுக்கு ஒரு பீட் கொடுத்துவிட்டால் நானும் மறுபடி ஆளாகிவிடலாம் என்று நினைத்தேன். இருந்ததில் நல்லதாகப் பொறுக்கி அனுப்பினேன். நல்லா இருக்கு அங்கிள் என்று பதில் வந்தது. அதோடு சரி. அடுத்த வாரம், அவளுக்குப் பிடித்துப்போன பீட் இதுதான் என்று பாய் வாட்ஸ்அப்பில் ஒன்றை அனுப்பினான். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டேன். வயிறு எரிந்தது. மெதுவான தாளம். நடுநடுவே கனமான இரும்பு எதன் மேலோ வந்து விழுகிற சத்தம். விழுந்ததும் மூச்சே இல்லாத ஒரு அமைதி. இந்த வயதில் இவனுக்கு மட்டும் இதெல்லாம் எங்கிருந்து வருகிறது? எனக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது? வாய்விட்டே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, என்ன என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

அந்த இரும்புச் சத்தம் ஆற்று மதகின் ஷட்டர்தான் என்று நானாகவே முடிவுகட்டினேன். அதை வைத்து அவனுடையதைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒன்றைச் செய்து அவளுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று வெறி. வண்டியை எடுத்துக்கொண்டு வெண்ணாற்று மதகுக்குப் போனேன். ஷட்டரைக் கொஞ்சம் இறக்கிக் காட்டுங்கள் என்று அங்கிருந்த பணியாளரிடம் கெஞ்சினேன். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நேரத்தில் விளையாட்டா என்று விரட்டிவிட்டார். செல்போனில் பதிவானது அவருடைய திட்டு மட்டும்தான்.

மறுநாள் பொறுக்கமாட்டாமல் பாய்க்குப் போன் போட்டேன். பீட் சுமார்தான் என்றேன். அந்த இரும்புச் சத்தம் ரொம்ப ஓவர் என்றேன்.

“மச்சான், அது உன்னோடதுடா” என்றான். “ஜெராக்ஸ் கடை மாடியில நீ போட்டது. பம்புசெட்டு பெல்ட் அடிக்கிற சத்தத்த வச்சுப் பண்ணுனியே, அதான். நான் வேகத்தப் பாதியாக் கொறச்சேன், வேற ஒண்ணும் பண்ணல. கேட்டதும் நீயே கண்டுபிடிச்சிருவேன்னு நெனச்சேன்.”

படபடவென்று ஆட்டத்துக்காகப் போட்ட பீட் அது. மலேசியாவிலிருந்து ஒருவன் கேட்டான், பிறகு வேண்டாம் என்றுவிட்டான். நான் மறந்தே போனேன். பாதி வேகத்தில் பெல்ட் இரும்பாகிவிட்டது. அப்படியானால் நான் பொறாமைப்பட்டது முப்பது வயதில் இருந்த என்னையே பார்த்துத்தான். சரி, என்னுடையதுதானே என்று சந்தோஷப்பட்டேனா? அதுவும் இல்லை. அதை அந்த வேகத்தில் கேட்கிற காது அவனுக்கு அல்லவா இருந்தது. பெயரும் என் பெயரைத்தான் முதலில் போடச் சொல்லியிருக்கிறானாம். திருடியிருந்தால் நிம்மதியாகத் திட்டித் தீர்த்திருப்பேன். அதற்கும் வழி விடவில்லை, படுபாவி.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஸ்டூடியோவுக்கு அவள் பாட வந்தபோது என்னையும் கூப்பிட்டான். போகக் கூடாது என்று சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். இதைப் போட்டவர் இவர்தான் என்று அவளிடம் என்னைக் காட்டினான். எந்த வயலில் அந்தச் சத்தத்தைப் பிடித்தேன், எந்த இடத்தில் வெட்டி ஒட்டினேன் என்று எல்லாவற்றையும் அவனே சொன்னான். எனக்கு அதில் பாதி நினைவில்லை. அவள் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். செம என்றாள். அந்த நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது, பொய் சொல்வானேன்.

நன்றாகவும் பாடினாள். முடித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“இதே மாதிரி புதுசா இன்னொண்ணு பண்ணித் தர முடியுமா?” என்றாள். கேட்டது என்னை இல்லை, அவனை.

“நான் தரேம்மா” என்றேன்.

என் குரல் எனக்கே கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை, பாயின் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.