வளைகுடாவுல என்ன வேலை, சொல்லுங்க சார்!

காலேஜ் சீட்டு வாங்கித் தர்ற ஆபீஸ்ல வேலை பார்க்கிறவங்களுக்கு மே, ஜூன் மாசங்கள்ல தூக்கமே இருக்காதுன்னு சொல்வாங்க. எனக்கு மட்டும் அப்போதான் தூக்கம் தூக்கமா வரும். தொண்ணூறுகள்ல, தி.நகர் பனகல் பார்க் பக்கத்துச் சந்துல, ஒரு ப்ளவுஸ் பிட் கடைக்கு மேல மாடியில எங்க ஆபீஸ். ஜன்னலைத் திறந்தா பார்க் மரங்களோட உச்சி மட்டும் தெரியும். மத்தியானத்துல கீழே தெருவே இரைஞ்சுக்கிட்டு இருந்தாலும், அந்த இரைச்சல் மாடி ஏறி வர்றதுக்குள்ள கரைஞ்சு, ஏதோ கடலோரத்துல உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆயிடும். எதிர்ல யாராவது ஒரு அம்மா, மார்க் ஷீட்டை மடியில வெச்சுக்கிட்டு எங்கேயோ பார்த்துக்கிட்டு இருப்பாங்க. நானும் எங்கேயோ பார்த்துக்கிட்டு இருப்பேன். பிள்ளையை காலேஜ்ல சேர்க்க அலைஞ்சவங்க யாராவது இதைப் படிச்சா, நான் சொல்றது உங்களுக்குப் புரியும். அந்த நாட்கள்ல நாம முழிச்சிருக்கோமா, கனவு காண்றோமான்னே தெரியாது.

எங்க ஆபீஸுக்கு வர்றதெல்லாம் வெளிநாட்டுல வேலை பார்க்கிறவங்க குடும்பங்கள். டாலர்ல கொட்டிக் கொடுத்தா ஒரு வழி இருந்தது, அது என்.ஆர்.ஐ. சீட்டு. அதுக்குப் பக்கத்துலயே சின்னதா இன்னொரு வழியும் சில காலேஜ்ல இருந்தது. வளைகுடா நாடுகள்ல தொழிலாளியா இருக்கிறவங்க பிள்ளைகளுக்குன்னு கொஞ்சம் சீட்டு, ரொம்பக் குறைஞ்ச ஃபீஸ். பிள்ளை எங்கே படிச்சிருந்தாலும் சரி. ஆனா அப்பா அங்கே ஆபீசரா இருக்கக் கூடாது, தொழிலாளியா இருக்கணும். இன்டர்வியூ அன்னிக்கு நேர்ல வந்து அதைத் தன் வாயால சொல்லணும். நாங்க பட்ட பாடெல்லாம் அந்த ஒரு வார்த்தையாலதான்.

நானும் தொழிலாளிதான்

அடையாறுலேர்ந்து ஒருத்தர் வந்தார். துபாய்ல பெரிய இன்ஜினியர். அவர் போட்டிருந்த சென்ட் வாசனை அவருக்கு முன்னாலயே மாடியேறி வந்து என் எதிர் நாற்காலியில உட்கார்ந்துடுச்சு. அரைத் தூக்கத்துல இருந்த நான் ஏதோ கல்யாண மண்டபத்துக்கு வந்துட்டோம்போலன்னு நினைச்சுக்கிட்டேன். "பையனை அந்தத் தொழிலாளி கோட்டால போட்டுடுங்க"ன்னார். "சார், நீங்க இன்ஜினியர் ஆச்சே"ன்னேன். "ஆமா, அதுக்கென்ன?"ன்னார்.

அது அவரை மாதிரி ஆளுங்களுக்கு இல்லை, கொத்தனார், டிரைவர், வெல்டர் மாதிரி ஆளுங்களுக்குன்னு சொன்னேன். அவ்ளோதான், மனுஷனுக்கு வந்ததே கோபம்! வெயில், மணல், தலைக்கு மேல நிக்கிற முதலாளின்னு அவர் பட்ட கஷ்டத்தையெல்லாம் வரிசையா சொன்னார். கேட்கக் கேட்க எனக்கே பாவமாத்தான் இருந்தது. கடைசியில எழுந்து நின்னு மேஜையைத் தட்டிக் கேட்டார்: "விடியக் காலைல எழுந்து ஓடறேன் மேடம். நான் தொழிலாளி இல்லைன்னா வேற யாரு? நான் என்ன ஷேக்கா?"

மேனேஜர் வீட்டுப் பொண்ணு

அதே வாரம் மயிலாப்பூர்லேர்ந்து அலமேலு மாமி வந்தாங்க, கூட அவங்க பொண்ணு விஜி. வீட்டு ரேடியோவைக் கழட்டி மாட்டிக்கிட்டே வளர்ந்த பொண்ணு. எலக்ட்ரானிக்ஸ் படிச்சே ஆகணும்னு ஒரே பிடிவாதம். நல்ல மார்க்தான், ஆனா பொது லிஸ்ட்ல மயிரிழையில போயிடுச்சு. குறைஞ்ச ஃபீஸ் சீட்டு கிடைச்சா இன்ஜினியரிங், இல்லைன்னா அந்த ஆசையை அதோட மறந்துட வேண்டியதுதான். அப்பா பல வருஷமா மஸ்கட்ல இருக்காராம்.

"அங்கே என்ன வேலை?"ன்னு கேட்டேன். "அக்கவுண்ட்ஸ் மேனேஜர்"னு மாமி சட்டுனு சொன்னாங்க. விஜி ஜன்னல் வழியா மரத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா. மேனேஜர் பொண்ணுக்கு அந்த வழியில இடம் கிடையாது, டாலர் வழி ஒண்ணுதான்னு நான் சொன்னதும் மாமி முகம் வாடிப் போச்சு. எழுந்து வாசல் வரைக்கும் போனவங்க, மனசு கேட்காம திரும்பி வந்தாங்க. "அவர் ரொம்பப் பெரிய மேனேஜரெல்லாம் இல்லே. சின்ன மேனேஜர்தான். அதுக்கு ஏதாவது வழி உண்டோ?"

மச்சான் கோட்டா

சிந்தாதிரிப்பேட்டை ஆட்டோக்காரர் ஒருத்தர் காக்கிச் சட்டையோட நேரா மாடியேறி வந்துட்டார். "துபாய்ல வேல செய்றவங்க பசங்களுக்கு சீட்டு குடுக்கறீங்களாமே மேடம்?" "ஆமாங்க. அங்கே யாரு இருக்காங்க?" "மச்சான் கீறான். தங்கச்சி ஊட்டுக்காரன். வெல்டிங் வேல செஞ்சிக்கினு கீறான்." அப்பாடா, ஒரு வழியா நிஜமான தொழிலாளின்னு எனக்கு ஒரே சந்தோஷம். அந்த மச்சானுக்கு எத்தனை பசங்கன்னு கேட்டேன். "அவனுக்கு ஏது பசங்க? சீட்டு எம் பொண்ணுக்கு"ன்னார்.

அப்பா அங்கே இருந்தாத்தான் ஆச்சு, மாமா இருந்தா ஆகாதுன்னு பக்குவமா எடுத்துச் சொன்னேன்.  மனுஷன் நிஜமாவே மனசு நொந்து கேட்டார்: "அப்ப எந் தங்கச்சிய அவனுக்கு இன்னாத்துக்கு மேடம் கட்டிக் குட்த்தேன்?"

வெள்ளிக்கிழமை ஃபோன்

வெள்ளிக்கிழமை அங்கே லீவு. அன்னிக்குத்தான் அப்பாக்கள் ஃபோன் பண்ணுவாங்க. லைன் கிடைச்சதும் முதல்ல ஒரு இரைச்சல் வரும், காத்தா கடலான்னு தெரியாது. நாம பேசினது போய்ச் சேர்ந்து, அவங்க பதில் திரும்பி வர கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்துல நான் கண்ணை மூடிக்குவேன். ஏதோ ஒரு வெள்ளை வெயில், யாருமே இல்லாத ரோடு, அதுல ஒரு ஃபோன் கூண்டு, உள்ளே ஒரு ஆள். இது வரைக்கும் வளைகுடாவை நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிஞ்ச வளைகுடா அவ்வளவுதான்.

குவைத்துல லாரி ஓட்டற ஒருத்தர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், குடும்பம் கே.கே. நகர்ல. பையனுக்கு மெக்கானிக்கலா சிவிலா, எதை முதல்ல போடறதுன்னு கேட்டேன். பதில் வரலை. லைன் போயிடுச்சோன்னு "ஹலோ, ஹலோ"ன்னு கத்தினேன். அப்புறம் அந்தக் குரல் மெதுவா வந்தது: "அதெல்லாம் நீங்களே பாத்துப் போடுங்க மேடம். அவன் இப்பம் எவ்வளவு ஒசரம் இருக்கான், அதச் சொல்லுங்க."

மாமி தனியா வந்தாங்க

தூறல் போட்டுக்கிட்டு இருந்த ஒரு சாயங்காலம் அலமேலு மாமி மறுபடி வந்தாங்க, பொண்ணு இல்லாம. கதவைச் சாத்தினாங்க. தண்ணி கேட்டாங்க, கொடுத்தா குடிக்கலை. "மேனேஜர் இல்லே. சமையல்"னாங்க. மஸ்கட்ல ஒரு கம்பெனியோட தொழிலாளிங்க தங்கற கேம்ப்ல மாமா சமையல்காரர். அவங்க மாமனாரும் கல்யாணங்களுக்குச் சமைச்சவராம். "சமையக்காராத்து மாட்டுப்பொண்ணு"ன்னு தெருவுல கூப்பிட்டது மாமிக்குச் சுருக்குனு தைச்சிருக்கு. மாமா வெளிநாடு போனதும், அக்கவுண்ட்ஸ்ல வேலைன்னு தெருவுல சொல்லி வெச்சுட்டாங்க. கொஞ்ச வருஷம் கழிச்சு மேனேஜரும் ஆக்கிட்டாங்க. "நான்தான் அவருக்குப் பிரமோஷன் குடுத்தேன்"னு சொல்லும்போது மாமிக்கே சிரிப்பு வந்துடுச்சு, உடனே கண்ணும் கலங்கிடுச்சு. எனக்கும் அப்படியேதான்.

சமையல்னா சீட்டு கிடைக்கும் மாமி, நிச்சயமா கிடைக்கும்னேன். ஆனா இன்டர்வியூல மாமாவைக் கேட்பாங்க, அவர் சொல்லணும், பக்கத்துல விஜி நிப்பா. அதுதான் மாமிக்குப் பயம். பொண்ணுக்கு இது நாள் வரைக்கும் தெரியாதாம். ஸ்கூல்ல கூட 'என் அப்பா'ன்னு கட்டுரை எழுதச் சொன்னப்ப மேனேஜர்னுதான் எழுதினாளாம். வெளியே மழை நின்ன பிறகும் மாமி போகாம உட்கார்ந்திருந்தாங்க. கடைசியா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க: "அவரைக் கேக்கறதைக் கொஞ்சம் காதோட கேக்கச் சொல்லுங்கோளேன்."

ராமநாதன் என்ற பெண்

நடுவுல ஒரு கூத்து. அபுதாபியில கிரேன் ஓட்டற ராமநாதனோட பொண்ணு, அங்கேயே படிச்ச கவிதாவுக்கு சீட்டு கிடைச்சுடுச்சு. நம்ம ஊர்ல இனிஷியலோட போற அப்பா பேரு, அங்கே ஸ்கூல்ல முழுசா விரிஞ்சு முன்னால போய் உட்கார்ந்துக்கும். காலேஜ்ல லிஸ்ட் எழுதினவர் முதல் பேரை மட்டும் எழுதி, 'ராமநாதன்'ங்கிற மாணவருக்கு ஆண்கள் ஹாஸ்டல்ல இடம் ஒதுக்கிட்டார். சாமானோட போய் இறங்கின பொண்ணு அழுதுக்கிட்டே ஃபோன் பண்ணினா. லீவுல வந்திருந்த அப்பா என் முன்னாலதான் உட்கார்ந்திருந்தார். கொஞ்சமும் பதறலை. "பேரு என்னுதுதானே மேடம்? அந்த ரூம்ல நான் தங்கிக்கறேன். பொண்ணுக்கு வேற பாருங்க."

சமையல்

விஜியோட இன்டர்வியூ ஒரு பெரிய ஹால்ல நடந்தது. மேலே உசரத்துல ஃபேனெல்லாம் சோம்பலா சுத்திக்கிட்டு இருந்தது. மாமா முந்தின நாள்தான் மஸ்கட்லேர்ந்து வந்திருந்தார். ஒல்லியான மனுஷர், வெளுத்த சட்டை. என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "டிபன் ஆச்சா?" மாமி என் கையைக் கிள்ளி மூணாவது வரிசையைக் காட்டினாங்க. அவங்க தெரு வக்கீல், என்.ஆர்.ஐ. சீட்டுக்காகப் பேரனோட உட்கார்ந்திருந்தார். காதோட கேட்கச் சொல்லலாம்னு அதிகாரியைப் பார்த்தா, அவர் முன்னால மைக்!

விஜி பேரைக் கூப்பிட்டாங்க. அப்பாவும் பொண்ணும் போய் நின்னாங்க. நானும் மாமியும் பின்னால இருந்தோம். "வளைகுடாவுல என்ன வேலை, சொல்லுங்க சார்"ங்கிறது ஹால் பூரா கேட்டது. மாமா மைக்கைப் பார்த்தார். பொண்ணைப் பார்த்தார். "அக்கவுண்ட்..."னு ஆரம்பிச்சார். "அப்போ என்.ஆர்.ஐ. பக்கம் போகணுமே"ன்னு அதிகாரி ஃபைலை மூடிட்டார். எனக்குக் கனவுல கத்தறப்ப சத்தம் வராது பாருங்க, அந்த மாதிரி இருந்தது. சீட்டு போச்சு, எலக்ட்ரானிக்ஸ் போச்சுன்னு மாமி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாங்க. அப்போ விஜி குனிஞ்சு, அந்த மைக்லயே தெளிவா சொன்னா: "சமையல் சார். எங்கப்பா கேம்ப்ல சமையல் பண்றார்." வக்கீல் மாமா மூக்குக் கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டுப் பார்த்தார். அவ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மாமாவும் ஆமான்னு சொன்னதும், அதிகாரி மூடின ஃபைலைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

வெளியே வராந்தாவுல வந்து மாமா நின்னுட்டார். பொண்ணு முகத்தைப் பார்க்க முடியலை அவருக்கு. தூணைப் பார்த்துக்கிட்டே, "உனக்கு யாருடி சொன்னா?"ன்னு கேட்டார். மாமி தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டு நின்னாங்க. விஜி அவர் கையைப் பிடிச்சுக்கிட்டா. "யார் சொல்லணும்? லீவுல வரச்சேயெல்லாம், நம்ம மூணு பேருக்கு ரசம் வைன்னா தெருவுக்கே பத்தறாப்பல வெக்கறே. எந்த மேனேஜர்ப்பா அப்படி வெப்பான்?"

அந்த சீட்டை வாங்கிக் கொடுத்ததே எங்க ஆபீஸ்தான்னு அலமேலு மாமி அதுக்கப்புறம் மயிலாப்பூர் பூரா சொல்லிக்கிட்டிருந்தாங்க. வர்ற கிராக்கியைக் கெடுப்பானேன்னு நானும் இல்லைன்னு சொல்லலை.