மாமா தூக்கிய கை

புலம்பெயர்ந்து வந்து ஒடாஹுஹு என்ற புறநகரில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் எனக்கென்று ஓர் அறை கிடைத்தபோது எனக்குப் பதினொரு வயது. கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே சும்மா இருப்பதே பெரிய சுகம். அந்தச் சுகம் நீடிக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவின் தம்பி வந்து இறங்கினார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் கட்டில் மாமாவுக்கு என்று முடிவாயிற்று. நான் தம்பியின் அறைக்கு நாடு கடத்தப்பட்டேன். சொந்தக்காரர் வந்தால் பிள்ளைகளின் கட்டில்தான் முதலில் பறிபோகும். எங்கள் வீடுகளில் அது எழுதாத சட்டம்.

ஆனால் அந்த வாரம்தான் நான் வகுப்புக்காக, அமெரிக்கக் குடியேற்றக்காரர் இங்கிலாந்து அரசரை எதிர்த்த கதையைப் படித்திருந்தேன். தங்களைக் கேட்காமல் தேயிலைக்கு வரி போட்டார்கள், தங்களைக் கேட்காமல் சிப்பாய்களுக்கு இடமும் சாப்பாடும் கொடுக்கச் சொன்னார்கள் என்பது அவர்களுடைய கோபம். என் கோபமும் அச்சொட்டாக அதுதான். ஞாயிறு மத்தியானம் எல்லோரும் சோற்றில் கை வைத்திருந்த நேரம் எழுந்து நின்று, எங்கள் சம்மதம் இல்லாமல் எங்கள் வீட்டில் யாரையும் குடிவைக்க முடியாது என்று ஆங்கிலத்தில் முழங்கினேன். வாக்கெடுப்பும் கேட்டேன்.

அப்பாவுக்குச் சிரிப்பு. "சரி, கையைத் தூக்குங்கோ" என்றார். அவரும் அம்மாவும் மாமாவின் பக்கம். தம்பியின் கையை ஒரு சொக்லேட் கொடுத்து முன்பே வாங்கிவைத்திருந்தேன். புரட்சிகளில் இதெல்லாம் சகஜம். இரண்டுக்கு இரண்டு.

"பிள்ளை என்ன சொல்லுது, அக்கா?" என்று மாமா கேட்டார்.

அம்மா சங்கடத்தோடு சொன்னார். "கேக்காமல் ஒருத்தரையும் வீட்டில இருத்தக் கூடாதாம். அந்தக் காலத்தில அமெரிக்காவில வெள்ளைக்காரன்ர ஆமியை அப்பிடித்தான் இருத்தினவங்களாம்."

 மாமா சோறு படாத இடது கையைத் தூக்கினார்.

"அவள் சொல்லுறது சரிதான், அக்கா. எங்கட வீட்டில ஆமி வந்து இருக்கேக்க எங்களை ஆர் கேட்டது?"

அம்மா எழுந்து குசினிக்குப் போனார். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

அன்றே என் அறை எனக்குத் திரும்பியது. மாமா ஹோலில் பாய் விரித்தார். நான் கதவைப் பூட்டிக்கொண்டு ராணி மாதிரித் தூங்கினேன். என் பேச்சுத் திறமைக்கு முன் ஒரு பெரிய மனிதரே கை தூக்கிவிட்டார் என்று பள்ளியில் பெருமையடித்தேன். மாமாவும் அம்மாவும் பிறந்து வளர்ந்த அந்த வீடு திரும்பக் கிடைக்கவேயில்லை என்பதும், தன்னைக் கேட்க வேண்டிய நாளில் கேட்காமல் போன ஒரு வாக்கைத்தான் மாமா அன்று போட்டார் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.